ராக் பாட்டு கேட்டபடி போர் போட்ட நாள்

போன பங்குனியில், கோவில்பட்டிக்குக் கிழக்கே புதூர் பக்கம் ஒரு கரிசல் காட்டில் நடந்தது இது. காலை பத்து மணிக்கு நான் செய்த தப்பு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தீர்ந்தது. என் அறுபத்தாறு வயதில் அந்த ஆறு மணி நேரம் மாதிரி நான் நெளிந்தது கிடையாது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு. அதை முடித்தேனா இல்லையா என்பதில் வாத்தியாருக்கும் எனக்கும் அன்றைக்கே கருத்து வேறுபாடு உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் இரும்புக் குழாய் தூக்கும் கூலியாகச் சேர்ந்தேன். இன்றைக்கு இரண்டு போர் வண்டிக்கு முதலாளி. ஓட்டப்பிடாரத்திலிருந்து புதூர் வரை யார் ஆழ்துளைக் கிணறு போட நினைத்தாலும் முதலில் என் பேரைத்தான் சொல்வார்கள். பூமிக்குள் ஹேமர், அதாவது பாறையை இடிக்கிற சுத்தியல், போடும் சத்தத்தைக் கேட்டே கீழே கிடப்பது எந்தப் பாறை என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் கருவி வைத்துப் பார்ப்பதை நான் காதை வைத்துப் பார்த்தவன்.

அந்தக் காதுதான் போய்விட்டது. முப்பது வருஷம் காற்றடிக்கிற கம்பரசர் பக்கத்தில் நின்றால் யாருக்கும் போகும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டிவிட்டாள். போனில் பாட்டுப் போட்டால் வயர் இல்லாமலே காதுக்குள் கேட்கும். பழைய சினிமாப் பாட்டெல்லாம் போட்டுப் பார்த்தேன். குழலும் வீணையும் கொசு சத்தமாகக் கேட்டன. அப்போது அவள் போனில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டு தற்செயலாக ஓடியது. ஐயா, என்ன குரல் அது! நல்ல கருங்கல்லில் ஹேமர் இறங்குகிற மாதிரி நேராக மண்டைக்குள் இறங்கியது. "இவரு யாரும்மா?" என்று கேட்டேன். ராக் பாடகராம்.

அன்றிலிருந்து நான் அவருக்கு ரசிகன். பாட்டின் அர்த்தம் ஒரு வரி தெரியாது. ஆனால் அவர் சரித்திரம் முழுக்க மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. சண்டை வந்து உடைந்தது. அப்புறம் வேறு ஆட்களோடு இன்னொரு குழு. அதுவும் உடைந்தது. பிறகு அவர் பேரில் மட்டும் ஐந்து ஆல்பம். நடுநடுவே மற்றவர்களோடு சேர்ந்து பாடியவை. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து என் போனில் ஏற்றித் தந்தாள். முதல் குழுவின் பாட்டுகளில் ஒரு பசி இருக்கும். இரண்டாவது குழுவில் சத்தம் அதிகம், சரக்குக் குறைவு. சர்ச்சில் பாடுகிற ஒரு வயதான அம்மாவோடு சேர்ந்து அவர் பாடிய பாட்டில் மட்டும் நம்ம ஆள் அடங்கி ஒடுங்கி, பெரியவர்கள் முன்னால் பீடியை மறைக்கிற மாதிரி பாடுவார். ஆனால் எனக்குப் பிடித்தது அந்தத் தனி ஆல்பங்கள்தான்.

காரணம் இருக்கிறது. தனி என்றால் பாட்டு, கிதார், டிரம்ஸ் எல்லாமே அவர் ஒருவரே வாசிப்பது என்று நான் நினைத்திருந்தேன். மகளிடம் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. கோவில்பட்டி டீக்கடையில் ஒரு வருஷமாக இதையே பேசினேன். "கூட்டாளிங்களை உதறிட்டு ஒத்த ஆளா நின்னு அஞ்சு வாத்தியம் வாசிக்காரு. என்னைய மாதிரி." எல்லாரும் டீயைக் குடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். எதிர்த்துப் பேசினால் இன்னும் அரை மணி நேரம் பேசுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தான். முதல் வண்டியை இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். வண்டி நெற்றியில் யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று சண்டை. பெயின்டர் காலையிலிருந்து மத்தியானம் வரை பிரஷ்ஷோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரண்டு மயிலை வரைந்துவிட்டுப் போய்விட்டார். மயில்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. நாங்கள் பதினாலு வருஷம் பார்க்கவில்லை. அவன் புதூர் பக்கமே மோட்டார் இறக்கி ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

சம்பவத்தன்று லீவர் பிடிக்கிற ஆள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நானே நின்றேன். நிலத்துக்காரி ஐம்பது வயது அம்மா. நாற்பது ஆடு வைத்திருக்கிறார். ஏற்கெனவே வேறு இரண்டு பேர் போட்ட போர் தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதியாகப் போய், மூன்றாவதாக என்னை நம்பி வந்தவர். நான் காது மெஷினில் நம்ம ஆளின் மூன்றாவது தனி ஆல்பத்தைப் போட்டுவிட்டு, ஜோராக இறக்கிக்கொண்டிருந்தேன். நானூற்று நாற்பது அடி. ராடு என்கிற இருபதடி இரும்புக் குழாய் இருபத்திரண்டு உள்ளே போயிருந்தது. திடீரென்று தாளம் மாறியது. கணகண என்று வந்தது தொப்பு தொப்பு என்று ஆனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆகா, என்னமாய் மாற்றுகிறார் என்று தலையை ஆட்டினேன். மாறியது பாட்டு இல்லை. பூமி. மேலே உளுத்த பாறையிலிருந்து சில்லுகள் சரிந்து ஹேமரின் தலைமேல் விழுந்து அடைத்துக்கொண்டன. அந்தச் சத்தம் கேட்ட உடனே மேலே தூக்கியிருக்க வேண்டும். நான் ரசித்துக்கொண்டு நின்றதில், வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றே போனது. மேலேயும் வராது, கீழேயும் போகாது.

ஹேமரும் ராடும் உள்ளே போய்விட்டால் வண்டி வெறும் இரும்பு. அந்தக் குழியும் பாழ். போர் போடப் போய் ஹேமரைப் புதைத்தான் என்ற பேர் வந்துவிட்டால் அடுத்த ஊரில் எவன் கூப்பிடுவான்? எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். காற்றைக் கொடுத்தேன், திருப்பினேன், இழுத்தேன். இழுத்ததில் வண்டியின் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதுதான் மிச்சம். அந்த அம்மா பனை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, பூமியில இருந்து தண்ணி வருமா, இல்ல வண்டியே பூமிக்குள்ள போகுமா?"

"கொஞ்சம் பொறு தாயி. நான் பாக்காத பாறையா?"

"பாத்த பாறைதான உங்களப் புடிச்சு வச்சிருக்கு. ஒங்க பழைய கூட்டாளி பக்கத்து ஊருலதான இருக்காவ. நான் கூப்பிடவா, நீங்க கூப்பிடுதியளா?"

கூப்பிட வேண்டாம் என்றேன். அவர் அதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவன், "அவனப் பேசச் சொல்லுங்க" என்றான். போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் ஆடுகளைப் பார்த்தேன். ஆடுகளும் என்னைப் பார்த்தன.

"ஹேமர் மாட்டிக்கிட்டு" என்றேன்.

"எத்தன அடி?"

"நானூத்தி நாப்பது."

"வாரேன்."

பதினாலு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

மொபெட்டில் வந்து இறங்கினான். முடி பூராவும் நரைத்திருந்தது. குழியை ஒரு சுற்றுச் சுற்றினான். சோப்பு நுரை கலந்து உள்ளே அடித்தால் சில்லு இளகும், அதற்குத் தண்ணீர் டிராக்டர் வர வேண்டும், அரை மணி நேரமாகும் என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"ஏலே, நெசத்தச் சொல்லு. சத்தம் மாறுனப்ப என்ன செஞ்ச?"

"சத்தம் மாறவே இல்லலே."

சொல்லிவிட்டு, வியர்வை தாங்காமல் காது மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டேன். அங்கேதான் காரியம் கெட்டது. அதுவரை என் காதுக்குள் மட்டும் பாடிக்கொண்டிருந்த நம்ம ஆள், என் சட்டைப் பைக்குள்ளிருந்து ஊர் கேட்கக் கத்த ஆரம்பித்தார். ஆடுகள் சிதறி ஓடின. போனை வெளியே எடுத்தேன், எதை அமுக்கினாலும் சத்தம் கூடியதே தவிர குறையவில்லை. மெஷினை எடுத்து மறுபடி மாட்டவும் கை வரவில்லை.

அந்த அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டார். அவன் சிரிக்கவில்லை. போனை வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"கொட்டடிக்கிறவன் யாருலே?" என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டான்.

"எல்லாம் அவருதாம்லே. ஒத்த ஆளு."

"போலே. பாடுதவன் மூச்சு வாங்குத எடத்துல இவன் முந்திக்கிட்டு வாரான். அவன் குரலெடுத்ததும் இவன் பின்னால போயிருதான். இது ரெண்டு பேரு. அதுவும் ரொம்ப நாள் பழகுன ரெண்டு பேரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வருஷம் கேட்டவன் நான். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு இவன் எனக்குச் சொல்வதா? மெஷினை மாட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏப்பா, தனி ஆல்பம்னா அவர் பேர்ல வாரதுப்பா. அதுல டிரம்ஸ் வாசிக்கறது அவரோட முதல் குழுவுல இருந்தவரு. சண்டை போட்டுப் பிரிஞ்சாங்கல்ல, அவரேதான். அஞ்சு ஆல்பத்துலயும் அவர்தான் வாசிச்சிருக்காரு. அந்த சர்ச் பாட்டிகூடப் பாடின பாட்டுலயும் அவர்தான். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

அந்த அம்மா போன் பக்கம் குனிந்து, "ஒங்கப்பாவுக்கு இன்னைக்கு நெறைய தெரிஞ்சிருச்சு தாயி" என்றார். நான் எழுந்து போய் டீசல் இருக்கிறதா என்று பார்த்தேன். டீசல் நிறைய இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

டிராக்டர் வந்தது. நுரையைக் கலந்தோம். கம்பரசரைப் போட்டோம். சேறு தெறித்தால் காது மெஷின் கெட்டுவிடும் என்று கழற்றிவிட்டேன். எனக்கு இப்போது எந்தச் சத்தமும் பிரித்துத் தெரியவில்லை, வெறும் இரைச்சல். லீவரில் நான். அவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழி வாய் சரியாமலிருக்கச் செருகி நிற்கிற கேசிங் பைப்பின் வெளிப்பக்கத்தில் உள்ளங்காலை ஒட்டி நின்றான். பூமிக்குள் நடப்பதெல்லாம் அந்த இரும்பு வழியாகக் காலுக்கு வரும். பழைய நாளில் நாங்கள் இப்படித்தான் போர் போட்டோம். அவன் காலில் கேட்பான், கையைக் காட்டுவான், நான் லீவரை அசைப்பேன். என் காதுதான் கேட்டது என்று இத்தனை வருஷம் எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

அவன் கையை மட்டுமே பார்த்தேன். விரல் மடங்கினால் நிறுத்தினேன், விரிந்தால் விட்டேன். ஒரு கட்டத்தில் எனக்கு அவசரம் வந்து இழுக்கப் போனேன். அவன் திரும்பாமலே கையை வெட்டினான். நிறுத்திவிட்டேன். அவன் கை மறுபடி எழும்புவதற்கு ஒரு நொடி முன்பே என் கை லீவரில் தயாராக இருந்தது. நுரையோடு சேறும் சில்லும் பீய்ச்சிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் வெள்ளை அடித்த சுவராக்கிவிட்டது. நாலு மணிக்கு ராடு ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் இன்னொரு சுற்று. ஹேமர் அசைந்ததை நான் கேட்கவில்லை. அவன் முகத்தில் பார்த்தேன்.

ஒவ்வொரு ராடாக இருபத்திரண்டையும் வெளியே எடுத்தோம். அவன் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு என் காதுக்குள் கத்தினான்: "அந்தக் கெழவி கூடப் பாடுன பாட்டு இருக்குன்னு ஒம் மக சொன்னாளே. போடு, கேப்போம்." கேட்டுவிட்டு, அந்தச் சர்ச் அம்மாதான் நல்ல பாடகி, நம்ம ஆள் சுமார்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தான். மறுநாள் அதே குழியில் அவனைப் பைப்பில் கால் ஒட்டி நிற்க வைத்துக்கொண்டு ஐந்நூற்று அறுபது அடிக்கு இறக்கினேன். ஆடுகளுக்குப் போதிய தண்ணீர் வந்தது.

நான் ஒத்தை ஆளாக நின்று முன்னுக்கு வந்தவன் என்று இன்றைக்கும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க வரவில்லை. ஆனால் சொல்லும்போதே, இரும்புக் குழாயில் ஒட்டி நின்ற செருப்பில்லாத அந்தக் கால் கண்ணுக்குள் வந்துவிடுகிறது, பாதி வாக்கியத்திலேயே என் குரல் தானாக இறங்கிப்போகிறது.