கை வைத்தும் அடங்காத இரைச்சல்

போன வருடம், ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். என் கொழுந்தனாரின் கல்யாண வரவேற்பு குற்றாலம் போகிற சாலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சீசன் களைகட்டியிருந்த சமயம். உறவினர்களில் பாதிப் பேர் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நேராகப் பந்திக்கு வந்தவர்கள். உள்ளே இடம் போதாது என்று பாட்டு மேடையை வெளியே பந்தலில் போட்டிருந்தார்கள். சாரல் பந்தலுக்குள்ளும் அடித்துக்கொண்டிருந்தது.

கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் அன்றுதான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் கிடார் வாசித்துப் பாடப் போகிறாள். வாசிக்கப் போவது என்னுடைய எலெக்ட்ரிக் கிடாரை.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படிக்கிற காலத்தில் பழையதாக வாங்கியது. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு அதுவும் வந்து இறங்கியது. இந்த ஊர் ஈரக்காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. சீசன் தொடங்கினால் கழுத்து வளையும், கம்பி துருவேறும், சுவிட்சு கரகரக்கும். யாரிடமும் கொடுக்க மனசு வராமல் நானே சால்டரிங் வைக்கப் பழகிக்கொண்டேன். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, இன்று அதில் பழசு என்று மிச்சமிருப்பது கட்டையும் பிக்கப்பும்தான். கம்பியின் அதிர்வை வாங்கி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்புவது அந்தப் பிக்கப். அதில்தான் தீராத வியாதி. ஆன் பண்ணியதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். உள்ளே தாமிரத் தகடு ஒட்டினேன், வயரையெல்லாம் புதிதாக இழுத்தேன், எதற்கும் மசியவில்லை. கம்பி மேல் கையை வைத்தால் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கும்.

மகளுக்கு அந்தச் சத்தம் பெரிய அவமானம். “வேற மாத்திக் குடும்மா, எல்லாரும் சிரிக்காங்க” என்று நச்சரித்து, இரைச்சலே வராத ரகத்தில் ஒரு பிக்கப்பை வரவழைக்க வைத்துவிட்டாள். கல்யாண வேலையில் அதை மாட்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்கிற ஆள். மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு இருந்தால் என் பையில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருக்கும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று மகள் மேடையேறும்போது என் பெரிய மாமனார் அவளை நிறுத்தினார். “ஏட்டி, விளக்கு ஏத்தியிருக்குல்லா? செருப்பைக் கழட்டிட்டு ஏறு” என்றார். ஓரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளும் கழற்றிவிட்டு ஏறினாள். நான் முன்வரிசையில், என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பாதம் பட்ட இடமெல்லாம் கார்ப்பெட்டில் ஈரத் தடம் பதிந்தது. வழுக்கிவிடுவாளோ என்பதுதான் அப்போது என் கவலை.

வாடகை ஆம்ப்பில் கிடார் வயரைச் சொருகினாள். ‘ம்ம்ம்’ என்று நம் பழைய இரைச்சல். அவள் கம்பியில் கை வைத்தாள். இரைச்சல் அடங்கவில்லை. கூடியது.

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது அப்படிச் செய்ததில்லை. அவள் இடது கையை லேசாக உதறிக்கொண்டாள். துருக்கம்பி குத்தியிருக்கும் என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். மறுபடி கை வைத்தாள். மறுபடி கூடியது, மறுபடி உதறினாள்.

எர்த் சரியாக இருந்தால்தான் கை வைத்ததும் இரைச்சல் அடங்கும். ஆம்ப்பில் எர்த் இல்லாமல் கரண்ட் கசிந்தால் அது கிடார் கம்பி வரைக்கும் வந்து நிற்கும். ஒரு கை கம்பியில் இருக்க இன்னொரு கை மைக்கின் இரும்பில் பட்டால், நெஞ்சு வழியாகத்தான் பாயும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்திருக்கக் கால் வரவில்லை. வாடகை ஆம்ப் அப்படித்தானோ? நான் கத்தி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? சொந்தக்காரர்கள் முன்னால் அவள் கூனிக்குறுகிப் போவாளே, அப்புறம் மேடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாளே என்றெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

மைக்செட்காரர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். அவள் சிரித்துக்கொண்டே மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

“ஏட்டி, மைக்கைத் தொடாத!”

பந்தலே திரும்பிப் பார்த்தது. “ஆரம்பிச்சிட்டியா? உக்காரு” என்று கணவர் என் முழங்கையைப் பிடித்தார். மகள் முகம் சுண்டிப்போய், ‘சும்மா இரும்மா’ என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கையை மட்டும் பின்னுக்கு இழுக்கவில்லை.

கணவர் கையை உதறிவிட்டு ஓடினேன். மேடையோரம் கிடந்த ஆம்ப்பின் கரண்ட் வயரைப் பிடித்து, இருக்கிற பலத்தோடு இழுத்தேன். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து அது சுலபமாக உருவிக்கொண்டு வந்தது. இரைச்சல் நின்றது. அடுத்த நொடி அவள் விரல் மைக்கைத் தொட்டது. ஒன்றும் ஆகவில்லை.

“என்னக்கா இது, கச்சேரி நேரத்துல வயரைப் பிடுங்குதீங்க?” என்று மைக்செட்காரர் ஓடிவந்தார். கையிலிருந்த வயரின் நுனியைக் காட்டினேன். அதில் பிளக்கே இல்லை. இரண்டு வயரை மட்டும் சீவி, தீக்குச்சி வைத்துச் சொருகியிருந்தார்கள். எர்த்துக்கான பச்சை வயரை மடக்கி டேப் சுற்றிவிட்டிருந்தார்கள்.

மகளைக் கீழே இறங்கச் சொல்லி, கிடாரை ஆம்ப்பிலிருந்து கழற்றாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைக்கச் சொன்னேன். மைக்செட்காரர் கரண்ட் வயரை மறுபடி சொருகினார். நான் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

மைக்செட்காரர் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். “மழையில பிளக் உடைஞ்சிட்டுக்கா. அவசரத்துக்குச் சொருகினேன். எனக்கும் பொம்பளப் பிள்ளை இருக்குக்கா” என்றார். அவரைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. மகளைக் கட்டிக்கொண்டு, பட்டுப்புடவை சாரலில் நனைய, கூச்சமே இல்லாமல் அழுதேன்.

மண்டபத்துக்காரர்கள் வேறு பிளக் கொடுத்தார்கள். எர்த்தோடு மாட்டி, நான் டெஸ்டர் வைத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகும் அவள் ஏறத் தயங்கினாள். அப்போது பெரிய மாமனார் அவளுடைய ரப்பர் செருப்பைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். “விளக்கை உள்ள கொண்டுபோய் வச்சுக்கிடலாம். நீ இதைப் போட்டுக்கிட்டு ஏறு தாயி” என்றார். அவள் ஏறினாள். இரைச்சல் வந்தது. கை வைத்ததும் அடங்கியது. எந்தப் பாட்டைப் பாடினாள் என்று கேட்டால் சத்தியமாக எனக்கு நினைவில்லை.

அந்தப் புதுப் பிக்கப் இன்னும் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. அவளும் மாற்றித் தரச் சொல்லி அப்புறம் கேட்கவில்லை. அவள் விடுமுறைக்கு வந்து கிடாரை எடுத்தால், அடுப்படியில் வேலையாக இருக்கும் என் கை தானாக நின்றுவிடும். ‘ம்ம்ம்’ என்று கிளம்பும் அந்த இரைச்சல் அவள் கைபட்டு அடங்கும் வரை எனக்கு மூச்சு வருவதில்லை. என்னால் சரிசெய்ய முடியாமல் போன அந்த ஒரு பழுதுதான் என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது என்பதை இன்றுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.