வூஷ் என்றால் ஓடு

தாளாளரே, என் அக்காவின் காலை முறித்தது பேருந்து அல்ல, உங்கள் பள்ளிதான்.

நேற்று மாலை புதுச்சத்திரம் நெடுஞ்சாலையைக் கடக்க நின்றபோது, இப்போது உங்கள் பள்ளியில் படிக்கும் என் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு பாடினாள்: "வ்ரூம்னா நில்லு, ஸூம்னா நில்லு, வூஷ்னா ஓடு! இங்கிலீஷ் மிஸ் சொன்னாங்கப்பா."

நானும் அக்காவும் அங்கே படித்தபோதும் இதே பாட்டுதான். வண்டி தூரத்தில் உறுமினால் வ்ரூம், நெருங்கினால் ஸூம், கடந்துபோனால் வூஷ். மேசையைத் தட்டிக் கத்துவோம். பள்ளி விட்டதும், புழுதி கண்ணை மறைக்கும் சாலையோரத்தில் காதை மட்டும் நம்பி நிற்போம். நான் நடுங்கினால் அக்கா பையால் இடிப்பாள். "ஏஞ்சாமி இப்படிப் பயப்படற? லாரிக்காரன் உன்னயத் தேடிக்கிட்டா வாரான்?"

ஒருநாள் முட்டை லாரி ஒன்று வூஷென்று கடந்தது. அக்கா ஓடினாள். லாரியின் இரைச்சலில், பின்னால் வந்த பேருந்தின் ஸூம் எங்கள் காதில் விழவில்லை. அடுத்து கேட்டது பிரேக்கின் ஸ்க்ரீச். அந்தச் சொல் உங்கள் பாட்டில் இல்லை.

மருத்துவமனையில் நீங்கள் அப்பாவிடம், "இனிமே புள்ளைங்கள ரோட்டுல கடத்திவிட ஆள் போட்டுர்றமுங்க" என்றீர்கள். நேற்றும் அங்கே யாருமில்லை. பாட்டு மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அக்கா தாங்கித் தாங்கி நடந்துவந்து முன்வரிசையில் உட்காருவாள். ஏன் இன்னும் ஆள் போடவில்லை என்று, அவள் முகத்தைப் பார்த்து மைக்கில் சொல்லுங்கள்.