ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும்

கின்விக், ஐரிஷ் கடலில் இருக்கும் எங்கள் மான் தீவின் பழைய மின்ரயிலை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறார். டக்ளஸிலிருந்து ராம்சி வரை வலப்பக்கம் கடல். அதைப் பற்றிக் கேட்டால், "இருக்கு, பார்த்திருக்கேன்" என்பார். நான் அவருடைய கண்டக்டர், காலோ. வண்டி ஓடும்போது டிரைவரோடு பேசக் கூடாது என்று அவர் தலைக்கு மேலே பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறது. அவர் அதைத் தினமும் துடைப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் லாக்சியில் பிரீஷா ஏறுவாள். தையல்காரி, கணவனை இழந்தவள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கின்விக்கின் முதுகையே பார்ப்பாள். ஆறு வருடமாக இருவரும் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான். அவர் காலர் கிழிந்திருப்பதாகச் சொல்லச் சொல்வாள், சொல்வேன். மறுவாரம் அவளிடம் தைக்கக் கொடுக்கச் சொல்லி அவருடைய சட்டைப் பொட்டலம் என் கைக்கு வரும். ஏழு கழுதை வயதான இருவருக்கு நடுவில் தூது போவது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போன வெள்ளி ஏறியதும், கார் வாங்கிவிட்டதாகவும் இனி ரயிலுக்கு வரப்போவதில்லை என்றும் சொன்னாள். வண்டி கிளம்புமுன் முன்னால் போய் அவரிடம் சொன்னேன். கின்விக்கின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னைக் கட்டிக்குவாளான்னு கேளு."

"நீங்களே கேட்டா என்ன?"

கிளம்பும் நேரமாகிவிட்டது. அவர் தகட்டைக் காட்டினார்.

வண்டி ஓடும்போது, பதினொரு பயணிகள் முன்னால் கேட்டேன். பிரீஷா பையை மூடி வைத்து, எழுந்து, மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்தாள்.

எங்கள் வண்டியில் இரண்டு மணி என்றால் போ, ஒன்று என்றால் நில். புல்கம் மலைச்சரிவில், நிறுத்தமே இல்லாத இடத்தில், கின்விக் வண்டியை நிறுத்தினார். அவர் தோள் தொங்கிவிட்டது. மாட்டேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் மனிதர்.

பிரீஷா முன்கதவைத் திறந்தாள்.

"வண்டிதான் நின்னுடுச்சே. இப்ப பேசலாம். நீங்களே கேளுங்க."

கின்விக் தகட்டை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கேட்டார். அவ்வளவு மெல்லிய குரல், பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

அவள் கையை நீட்டிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

கின்விக் வண்டியை எடுத்தார். ராம்சிக்கு நான்கு நிமிடம் தாமதம். பயணி மணி அடித்தார் என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். வழியெல்லாம் கின்விக் கடலையே பார்த்துக்கொண்டு ஓட்டியதை மட்டும் எழுதவில்லை.