தொண்ணூற்றாறு என்று எழுதினேன்

ஒரு வண்டியின் சூட்டைப் பொய்யாக எழுதினேன். அதனால் என் நண்பன் ரொசாரியின் வலது கால் போனது. தவறு அவனுடையது என்று அவனையே நம்பவும் வைத்தேன்.

இதை உங்களிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன்.

மே 18, சனிக்கிழமை. காலை 7.40க்குப் பட்டறையைத் திறந்தேன். தரையைக் கூட்டினேன். மாதா படத்துக்குப் பூ வைத்தேன். வேலை நோட்டில் தேதியிட்டேன். இருபது ஆண்டுகளாக இதே வரிசை.

8.15க்குத் தருவைகுளத்திலிருந்து ரொசாரி வந்தான். கப்பலில் இன்ஜினியர். விடுப்பில் வந்தவன், ஆசைப்பட்டு ஒரு வேகக் கார் வாங்கியிருந்தான்.

"ஏலே, ஊந்து போனா போதும், கியர்பாக்ஸ் சூடுன்னு சிவப்பு லைட்டு எரியுது. நாளைக்கு மவளுக்குப் புதுநன்மை, மொத தடவையா நற்கருணை வாங்குதா. இந்த வண்டியிலதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போணும். சாயங்காலம் தந்திருலே!"

அந்த வண்டியில் இரண்டு கிளச்சுகள். ஒன்று விடும்போது மற்றது பிடிக்கும். பறக்கும்போது அவற்றுக்குத் தொல்லை இல்லை. ஊரும்போதுதான் பாதிப் பிடியில் உரசி உரசிக் கொதிக்கும். அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கி, முன்னால் இருக்கும் கூலரில் கொண்டுபோய்க் கொட்டும். கூலரில் காற்று நுழையாவிட்டால் சூடு எல்லை தாண்டும். அப்போது தன்னைக் காத்துக்கொள்ள, கியர்பெட்டி இரண்டு கிளச்சுகளையும் விட்டுவிடும். எஞ்சின் உறுமும்... சக்கரம் நகராது.

கூலரைக் கழற்றினேன். இடுக்கெல்லாம் உப்பளத்துத் தூசி, கல்லாக இறுகியிருந்தது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். லாரித் தண்ணீர் அன்று வரவில்லை. பட்டறையின் ஆழ்துளைப் போரில் வருவது உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் காய்ந்ததும் உப்பு மறுபடியும் படியும். இது எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொன்னவனே நான்தானே!

போர்த் தண்ணீரில்தான் கழுவினேன். வெயிலில் காயவைத்து மாட்டினேன்.

துறைமுகச் சாலையில், கண்டெய்னர் லாரிகளின் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்து பார்த்தேன். நூற்று முப்பத்தொன்று டிகிரி காட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒருநாள் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? "என் கைபட்ட வண்டி திரும்ப வராது" என்று நான் அடிக்கடி பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல்தான்! அந்தச் சிவப்பு விளக்கு இனி எரியாதபடி அணைத்தேன். நோட்டில், "எண்ணெய்ச் சூடு 96. சரி" என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை, அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட ரொசாரி துறைமுகத்துக்குப் போனான். லாரி வரிசையில் நெடுநேரம் ஊர்ந்து, வலப்பக்கம் திரும்பும்போது வண்டி நடுச்சாலையில் நின்றது. குறுக்குச் சாலையில் வலப்பக்கமிருந்து வந்த லாரி அவன் பக்கக் கதவில் மோதியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டான்: "பிரேக்க விட்டு விட்டு ஊந்தேம்ல... அதான் சூடாயிட்டோ?"

"ஆமாலே. அப்படி ஊந்தா எந்தப் பெட்டியும் தாங்காது."

பாதி உண்மை. பாதி உண்மைதான் எவ்வளவு வசதியானது!

இனி எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது.

நேற்று மாலை, பொய்க்காலோடு மனைவியை அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"இவ ஒம்மேல சந்தேகப்படுதா. அன்னைக்கு நோட்டுல என்ன எழுதிருக்க? வாசிலே."

சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவு நேரம் இருந்தது... புரட்டிக்கொண்டே இருந்தேன்.

"தொண்ணூத்தாறு. சரின்னு போட்டிருக்கு."

ரொசாரி சிரித்தான். "ஏளா, கேட்டியா? இவன் நோட்டு பொய் சொல்லாது. குத்தவாளி என் காலுதான். தண்டனையும் அதுக்கே கெடச்சிட்டு!"

அவள் சிரிக்கவில்லை. மூலையிலிருந்த போர்க் குழாயைப் பார்த்தாள். அல்லது, பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்க வேண்டியவனுக்கே இன்னும் ஒன்றும் தெரியாது. சொல்ல எனக்குத் துணிவும் வராது. என்னை எனக்குத் தெரியும்.

இன்று காலை 7.40க்குப் பட்டறையைத் திறந்தேன். முதல் வேலையாக, வேறொருவரின் வண்டிக் கூலரைக் கேனில் வாங்கிய நல்ல தண்ணீரில் கழுவி மாட்டினேன். ஓட்டிப் பார்த்து, கண்ட எண்ணை அப்படியே எழுதினேன்.

தொண்ணூற்றாறு.