அப்பா வெட்டாத துணிகள்

இறத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அப்பா, மண்வெட்டிக்குப் பதில் கத்தரிக்கோலைப் பிடித்தார். மாத்தளை நகரில் கடை வைத்து, வாழ்நாள் முழுதும் ஆண்களுக்கு இடுப்பும் காலும் அளந்து களிசான் தைத்தார். வாக்குத் தவறாதவர் என்று இந்த நினைவு மலரைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். சொன்ன நாளில் அவர் கொடுக்காத துணிகள் ஒன்பது உண்டு. அவற்றைத்தான் எங்கள் வீட்டுப் போர்வையாக்கினார்.

ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. அப்பா படுக்கையில் விழுந்த பின், அவர்மேல் கிடந்த அந்தப் போர்வையைப் பழக்கதோஷத்தில் சோதித்தேன். நீளம் ஏழடி, அகலம் ஐந்தரை. ஒன்பது கட்டங்கள். எட்டு, களிசான் துணி: சாம்பல், கபிலம், கறுப்பு. நடுவிலுள்ளது அம்மாவின் பழைய சேலை. எடை மிக அதிகம். சிறு வயதில் உள்ளே ஏதோ கட்டிகள் விலாவில் குத்தும். "இதுக்குள்ள யாரோ முடங்கிப் படுத்திருக்காங்கடி" என்று அக்கா பயமுறுத்துவாள். "ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற மனுசன், நமக்கு மட்டும் கல்லு மூட்டை கட்டியிருக்காரு" என்பார் அம்மா.

"அப்பா, அங்குலத்துக்கு மூணு தையல்தான் இருக்கு. எங்க பெக்டரியில இத எடுக்கவே மாட்டாங்க."

"பிரிக்கணுமில்ல, புள்ள. இறுக்கித் தைச்சா பிரிக்கிறப்போ துணி கிழியும்."

அன்றுதான் சொன்னார். எண்பதுகளின் இறுதியில், இளைஞர்களைப் பிடித்துச் சென்ற காலத்தில், தைக்கத் துணி கொடுத்த ஒன்பது இளைஞர்கள் திரும்பி வரவில்லை. ஆயுதங்களுடன் சிலர் வந்து, பெயரும் ஊரும் எழுதிய அளவுப் புத்தகத்தைக் கேட்டார்கள். அதை முன்பே அடுப்பில் போட்டிருந்தார். அளவுச் சீட்டுகளை எரிக்க மட்டும் மனம் வரவில்லை. ஒவ்வொரு துணியையும் வெட்டாமல் நான்காக மடித்து, சீட்டையும் பொத்தான்களையும் உள்ளே வைத்து, ஒன்றோடொன்று இணைத்து, காய்ச்சலில் கிடந்த எங்கள்மேல் போர்த்தினார். வீட்டைச் சோதித்தவர்கள் போர்வையைத் தொடவில்லை.

நடுக்கட்டத்துக்கு உரியவர் சில வருடங்களுக்குப் பின் உயிரோடு வந்தார். அப்பா அந்தத் துணியைப் பிரித்தெடுத்து, அந்த இடத்தில் அம்மாவின் சேலையை வைத்துத் தைத்துவிட்டு, அவருக்கு மறுபடியும் அளவெடுத்தார். இடுப்பு நான்கு அங்குலம் குறைந்திருந்தது.

பல்லேபொலவிலிருந்து ஒரு சிங்களத் தாய், வருடந்தோறும் வெசாக் பண்டிகைக்கு முன் கடைக்கு வருவார்.

"டெய்லர் மாத்தயா, மகனோட களிசான் தைச்சாச்சா?"

"இன்னும் இல்ல, நோனா. மகன் வரட்டும். ஒரு தரம் அளவு பார்த்துட்டு வெட்டுறேன்."

அந்தப் பதிலைக் கேட்கத்தான் அவர் வந்தார். கடைசி நாட்களில் அப்பாவின் கவலை அதுவே: "நான் போயிட்டா அந்த நோனாவுக்கு யாரு, புள்ள, பதில் சொல்றது?"

அப்பா காலமானபோது, அவர் தைத்த போர்வை அவரோடே எரியட்டும் என்றார்கள் பெரியவர்கள். "அது நம்ம பொருள் இல்ல" என்று அம்மா மறுத்துவிட்டார்.

இவ்வருடம் அந்தத் தாய், கடை பூட்டியிருக்கக் கண்டு வீட்டுக்கு வந்தார். போர்வையை விரித்தேன். நான் எதுவும் சொல்லுமுன் அவர் விரல் ஒரு கபிலக் கட்டத்துக்குப் போனது. மகனுக்கு அந்தத் துணியை வாங்கிக் கொடுத்தவர் அவரே. பிரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"தைச்சாச்சா, மகள்?"

"இன்னும் இல்ல, அம்மா. மகன் வரட்டும்."

தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு மருந்தும் கஞ்சியும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பெட்டி சுமந்த நண்பர்களுக்கும், கருமாதிவரை உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. ஒரு வேண்டுகோள். பெயர்களைத் தவிர்த்து, எட்டுப் பேரின் அளவுகளையும் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் சிங்களத்திலும் அச்சிட்டுள்ளோம். யாராவது தேடினால் சொல்லுங்கள்: துணிகள் இருக்கின்றன. சாம்பல் நிறத் துணியில் இரண்டு பூச்சித் துளைகள். தேநீர்க் கறை நான் சிந்தியது. எதிலும் கத்தரி படவில்லை.