கொம்பில்லாத காட்டு விலங்கு

பொய் எழுதக்கூடாது என்று இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். சங்கராபுரத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ், கல்வராயன் மலை அடிவாரத்தில் மேலே ஏற மனமில்லாமல் திரும்பிவிடும் ஊர் ஒன்றில் தமிழாசிரியர். ஊரில் என்னை ஆசிரியராகத் தெரிந்தவர்கள் கம்மி. மனு எழுதுகிறவன் என்றால்தான் தெரியும். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், சாய்ந்துபோன கரண்டு கம்பம், எதுவாக இருந்தாலும் மணி அடித்ததும் வகுப்பு வாசலில் ஆள் நிற்கும்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மா வந்து நின்றார். அவர் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மலையைப் பார்த்தாற்போல, காட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு ஏக்கரை இவர்தான் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பட்டத்துக்கு மல்லாட்டை போட்டிருந்தார். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் நிலக்கடலை.

"சார், பொழுது சாய மானுங்க மந்தையா வருது. செடிய மொட்டை அடிச்சிக்கினு போவுது. ஒரு மனு எழுதிக் குடுங்க."

"இன்னான்னு எழுதட்டும்?"

"சுடச் சொல்லி எழுதுங்க."

பள்ளிச் சுவரில் வரைந்திருந்த புள்ளிமான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. "மானைச் சுட்டா ஜெயிலும்மா" என்றேன்.

"நான் எங்க சுடறேன்? கவர்மெண்டு சுடட்டும்."

யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டில் மான் ஜாஸ்தியாகிவிட்டால், கொம்பில்லாத மானைச் சுட ஜனங்களுக்குத் தனியாகச் சீட்டு கொடுக்கிறார்களாம். பெட்டை மான் குறைந்தால் மந்தை தானாகக் குறையுமாம். அந்தச் சீட்டு கள்ளக்குறிச்சியில் எந்த ஆபீசில் கிடைக்கும் என்பதுதான் அவர் கேள்வி.

நம் ஊரில் சீட்டு பன்றிக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை, காட்டை விட்டுத் தள்ளியிருக்கும் நிலமாக இருந்தால், ஒரு குழு வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தபிறகு வனத்துறை ஆட்களே சுடலாம். மானைத் தொடக்கூடாது.

"அப்ப பன்னின்னு எழுதிடுங்க."

"பன்னி வந்துச்சா?"

"போன வருசம் ஒண்ணு வந்துச்சு. வழி தவறி."

எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மான் என்றே எழுதியிருக்கலாம். ஆனால் தமிழ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. உண்மையையும் விடக்கூடாது, காரியமும் ஆக வேண்டும். சற்று யோசித்து, 'கொம்பில்லாத காட்டு விலங்குகள் கூட்டமாக வந்து பயிரை அழிக்கின்றன' என்று எழுதினேன். அதில் பொய் கிடையாது. மந்தையில் கொம்புள்ள கிடாய் ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் பெட்டையும் குட்டியும். வாசித்துக் காட்டினேன்.

"பன்னின்னும் இல்ல, மானுன்னும் இல்ல. நீங்க ஆபீசரா போயிருக்க வேண்டிய ஆளு சார்" என்றார் அந்த அம்மா. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சிக்குப் போய்த் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் ஜீப்பில் குழு வந்தது. வனவர் ஒருவர், கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், எதற்கு வந்தார் என்று கடைசிவரை தெரியாத இன்னொருவர். மனு எழுதியவன் என்பதால் நானும் போயிருந்தேன்.

கிராம நிர்வாக அலுவலர்தான் விசாரித்தார். "பன்னிதானே?"

"கொம்பு இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

"வாலு?"

"சின்னதா இருக்கும்ங்க."

"குட்டி போட்டிருக்கா?"

"குட்டியோடதான் வருதுங்க."

ஒவ்வொரு பதிலும் சத்தியம். வனவர் மட்டும் கீழே பார்த்தார். வரப்பு நெடுக மான் புழுக்கை மிளகு கொட்டியதுபோலக் கிடந்தது. எங்கள் ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அதைப் பார்த்துச் சொல்லிவிடும். அவர் ஷூ முனையால் அதைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"இந்த பாரத்துல மானுக்குக் கட்டம் இல்ல சார்" என்றார் என் பக்கத்தில் வந்து, மெதுவாக. "கட்டம் இல்லாததை நான் எங்க எழுதறது?" பன்றி என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு வந்தது. வனத்துறை ஊழியர் மட்டுமே சுட வேண்டும். குட்டியோடு இருக்கும் பெண் பன்றியைச் சுடக்கூடாது. இறைச்சியை யாரும் தின்னக்கூடாது, சாட்சி முன்னால் புதைக்க வேண்டும். சாட்சி, உள்ளூர்த் தமிழாசிரியர்.

துப்பாக்கியோடு வந்த வனக்காவலருக்கு ரிட்டையர் ஆக ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும். பயிர்க்காவலுக்குக் கட்டியிருந்த பரணில் முட்டி வலியோடு ஏறினார். சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த அம்மா, அவர், நான், மூன்று பேரும் பரணில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். புதர் அசைந்தது. முதலில் கொம்புள்ள கிடாய் ஒன்று தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. பிறகு மந்தை முழுக்கக் கல்யாணப் பந்திக்கு வருவதுபோல வந்து இறங்கியது.

காவலர் துப்பாக்கியைத் தூக்கினார், இறக்கினார். "மானுங்க."

"தெரியுதுங்க. கொம்பு இல்லாததா பாத்து சுடுங்க."

"அம்மா, என் சீட்டுல பன்னின்னு போட்டிருக்கு."

"பன்னிக்கும் கொம்பு இல்ல, இதுக்கும் இல்ல. வேணும்னா சார் எழுதுன மனுவைப் பாருங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

"முப்பது வருசமா மானைச் சுடறவனைப் புடிக்கிறதுதாம்மா என் வேலை" என்றார் காவலர். குரலில் கோபம் இல்லை.

பரணுக்குக் கீழேயே ஒரு குட்டி, செடியை வேரோடு இழுத்தது. பால் பிடிக்காத பிஞ்சுக் காய்கள் கொத்தாக வெளியே வந்து தொங்கின.  அந்த அம்மா சரசரவென்று இறங்கி, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு ஓடினார். காவலரும் துப்பாக்கியைப் பரணில் வைத்துவிட்டு, முட்டி வலியை மறந்து "ஹோய், ஹோய்" என்று பின்னாலேயே ஓடினார். ஓடும்போதே திரும்பி, "துப்பாக்கியத் தொடாதீங்க சார், அதுக்கும் பர்மிஷன் வேணும்!" என்று கத்தினார். தொடக்கூடாத துப்பாக்கிக்குக் காவலாக நான் பரணில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு சாயங்காலம் இதுவே நடந்தது. பன்றி ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் ஆபீசிலிருந்து முத்திரை போட்ட கடிதம் வந்தது. 'ஆய்வில் மேற்படி பகுதியில் கொம்பில்லாத காட்டு விலங்குகளின் நடமாட்டம் இல்லை எனத் தெரியவருகிறது.' என் வாக்கியம்தான். நான் அனுப்பும்போது உண்மையாக இருந்தது, திரும்பி வரும்போது முழுப்பொய்யாகியிருந்தது.

வாசித்துக் காட்டியதும் அந்த அம்மா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நேராக மான் என்று எழுதியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, ஆனால் இந்த ஜில்லாவில் ஒரு காகிதத்திலாவது அவர் கொல்லையில் பயிரை மான் தின்றது என்று பதிந்திருக்கும். அவரிடம் அதைச் சொன்னேன். "வுடுங்க சார், காயிதத்தையா கொத்தி வெதைக்கப் போறேன்" என்றார். இருந்தாலும் மான் என்றே போட்டு, வேலி கேட்டு, இன்னொரு மனு எழுதிக் கொடுத்தேன். அதற்கும் ரசீது கிடைத்தது.

மல்லாட்டை பிடுங்கிய ஞாயிற்றுக்கிழமை காவலர் சட்டை வேட்டியில் வந்தார். மிஞ்சியிருந்தது பாதிக்கும் கம்மி. அந்த அம்மா அதிலேயே கொஞ்சம் வேகவைத்து முறத்தில் கொட்டினார். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று காவலர் தயங்கினார்.

"மானுங்க மட்டும் ரூல்ஸ் பாத்தா தின்னுச்சு? சாப்பிடுங்க."

தின்றுகொண்டே காவலர் சொன்னார், எள்ளை மான் அவ்வளவாகத் தொடாது, அடுத்த பட்டத்துக்கு அதைப் போட்டுப் பாருங்கள் என்று. அந்த அம்மா அப்படியே விதைத்தார். மந்தை வந்தது, மோந்து பார்த்தது, பக்கத்துக் கொல்லைக்கு நகர்ந்தது. பக்கத்துக் கொல்லை என் மச்சானுடையது. எள் யோசனை என்னுடையது என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு விசேஷத்துக்குக்கூட அவர் இப்போது வருவதில்லை.