கொம்பில் மாட்டிய கண்ணாடி

கண்ணாடியைக் கழற்றி மாட்டின் கொம்பில் மாட்டிவிட்டுத்தான் ஆதிமூலம் சுத்தியலைக் கையில் எடுப்பார். கால்கள் கட்டப்பட்டுத் தரையில் சாய்ந்து கிடக்கும் மாடு, தனக்கு நேர்ந்த அவமானம் போதாதென்று, கொம்பில் ஒரு மூக்குக்கண்ணாடியையும் சுமந்துகொண்டு வானத்தைப் பார்க்கும். ஆதிமூலம் குளம்பை இடது கையில் ஏந்தி, கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவுவார். உதடுகளுக்கு நடுவே கவ்வியிருக்கும் லாட ஆணிகளில் ஒன்றை உருவுவார், வைப்பார், அடிப்பார். வேலை முடிந்ததும் கொம்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கி, எதிரில் நிற்கும் வண்டிக்காரரை மூக்கு நுனி வழியாகப் பார்த்து, "அவுத்து வுடு" என்பார்.

திருக்கனூர்ச் சந்தைக்கு வருகிற வண்டி மாடுகளில் பாதிக்கு மேல் அவர் அடித்த லாடத்தில்தான் நடக்கின்றன. வேலை நேரத்தில் ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மாடு ஒதைச்சா ஒடஞ்சிடும்ல? இத்தினி தூரம் கப்பல்ல வந்த சாமான்பா இது" என்பார். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அது பொய் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஆதிமூலம், இன்னொருவர் அவர் மனைவி சிந்தாமணி.

அவருக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகவே தெரியும். குளம்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சொல்லிவிடுவார். நாலடி தள்ளிப் போனால்தான் உலகம் தவிடு தூவினாற்போல் மங்கிவிடும். இந்தக் குறையால் அவருக்குப் பல வருடங்கள் நல்ல பெயர்தான் கிடைத்தது. வருவது யாரென்று தெரியாத காரணத்தால், அசைந்து வரும் எல்லாவற்றுக்கும் "வாங்க வாங்க, வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று இரண்டு கையையும் கூப்பிவிடுவார். பகையாளிக்கும் அந்த மரியாதை உண்டு, வண்ணானின் கழுதைக்கும் உண்டு. மனுஷன்னா ஆதிமூலம்தான் என்று ஊர் சொல்லிற்று.

இப்படி இருந்தவரைக் கெடுத்தது ஓர் ஏலம். பிரெஞ்சுக் கொடி இறங்கி, புதுச்சேரியில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். நாற்காலி, கட்டில், பியானோ என்று வாசலிலேயே போட்டு ஏலம் விட்டார்கள். மூட்டை ஏற்றிப் போன வண்டியோடு ஆதிமூலமும் போயிருந்தார். ஒரு வீட்டு வாசலில் குதிரை லாடச் சுத்தியல் ஒன்று மரப்பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தவருக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. பெட்டியோடு எடுத்தால்தான் உண்டு என்றார் ஏலம் விட்டவர். எடுத்தார். பெட்டியின் அடியில், துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவில், தங்க நிறக் கம்பி போட்ட கண்ணாடி இருந்தது.

விளையாட்டுக்குத்தான் அதை மாட்டிக்கொண்டார். தெருவின் கோடியில் கடல் இருந்தது. கடலில் ஒரு கப்பல் நின்றது. கப்பலின் மேல் கயிறு இருந்தது, கயிற்றில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். ஆதிமூலம் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை நாளும் இவையெல்லாம் தன்னைக் கேட்காமலே அங்கே இருந்திருக்கின்றன என்பதில் அவருக்கு ஆச்சரியமும் கொஞ்சம் வருத்தமும் உண்டாயின. வண்டியில் திரும்பி வரும்போது வழி நெடுகப் பனைமரங்களின் ஓலைகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புழுதி என்று வண்டிக்காரரிடம் சொன்னார்.

சங்கடம் மறுநாள் காலையில் தொடங்கியது. அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்த துரைக்கு முகம் பலாப்பழம் அளவுக்கு இருந்திருக்க வேண்டும். ஆதிமூலத்தின் முகம் எலுமிச்சம்பழ வகை. கம்பிகள் காதைத் தாண்டிப் பின்னந்தலைக்குப் போய்விட்டன. நூல் கட்டி இழுத்ததில் ஒரு பக்கக் கம்பி கோணிக்கொண்டது. இடது கண்ணாடி இறங்கி, வலது கண்ணாடி ஏறி, எல்லாப் பொருளும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. மேலே ஒரு பானை, அதை ஒட்டிக் கீழே ஒரு பானை. வாசற்படி இல்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்தார், இருக்கிற இடத்தில் இடித்துக்கொண்டார். சாயங்காலமானால் தலைவலி. நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டபடி சிந்தாமணி சொன்னாள்:

"அவன் மூஞ்சிக்கு செஞ்சத உங்க மூஞ்சில மாட்டிக்கினா எப்டி ஒக்காரும்? கழட்டி வச்சிட்டு மனுசனா இருங்க."

"உனுக்குத் தெரியாதுடி. பழகணும். புதுச் செருப்பு கடிக்கறதில்லியா?"

பழகினார். பழகப் பழக அதில் ஒரு சட்டத்தையும் கண்டுபிடித்தார். காலையில் கண்ணாடி மூக்கின் மேட்டில் இருக்கும்போது, இரண்டில் மேலே தெரிவது நிஜம், கீழே தெரிவது பொய். உச்சி வெயிலில் வியர்த்துக் கண்ணாடி சறுக்கிய பிறகு கீழே தெரிவது நிஜம், மேலே தெரிவது பொய். இந்தக் கணக்கு பிசகாமல் இருக்கக் கண்ணாடி நழுவக் கூடாது. நழுவாமல் இருக்க முகவாயைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தூக்கிய முகவாயோடு அவர் தெருவில் நடந்தபோது எதிரில் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கும்பிட்டவர்களுக்கும் பதில் கும்பிடு வரவில்லை. இரண்டு பேரில் யார் நிஜம் என்று அவர் தீர்மானிப்பதற்குள் இருவருமே கடந்து போய்விட்டார்கள்.

"வெள்ளக்காரன் போயிட்டான், அவன் திமிர ஆதிமூலம் ஏலத்துல எடுத்துட்டாரு" என்று டீக்கடையில் பேச்சு. கண்ணாடி ஆதிமூலம் என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது. அந்தப் பெயரை அவர் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

தங்கை அம்சவள்ளியை மண்ணாடிப்பட்டில் உலகநாதனுக்குக் கொடுத்திருக்கிறது. உலகநாதன் கரும்பு, நெல், சொந்த வண்டி என்று நிமிர்ந்த ஆள். கோபமும் அதே அளவுக்கு உண்டு. அவர் புதிதாக ஓட்டு வீடு கட்டிக் குடிபுகுந்தபோது ஆதிமூலம் தாம்பாளத்தில் வேட்டி, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து, அண்ணன் வீட்டுச் சீரைத் தாமே கொண்டு போனார். முகூர்த்தம் காலையில்தான். ஆனால் ஓமப் புகையும் கூட்டமுமாக அந்தக் கூடத்தில் நின்றதில் அவருடைய மூக்குக்கு மட்டும் உச்சிப்பொழுது சீக்கிரமே வந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. உலகநாதன் பங்காளிகள் சூழ இரண்டு கையையும் நீட்டினார். ஆதிமூலத்துக்கு இரண்டு ஜோடிக் கைகள் தெரிந்தன. காலைச் சட்டப்படி மேல் ஜோடியில், மிகுந்த மரியாதையோடு, தாம்பாளத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

தாம்பாளம் கீழே இருந்த நிஜக் கைகளில் இடித்துக் கவிழ்ந்து, தரையில் விழுந்த சத்தத்தில் குழந்தைகள் அழுதன. தேங்காய் உருண்டு போய் உலகநாதனுடைய பெரியப்பாவின் காலடியில் நின்றது. வெற்றிலை பாக்கை ஒருவர் கையில் கொடுக்காமல் காலடியில் போடுவதற்கு எங்கள் பக்கத்தில் உன் உறவே வேண்டாம் என்ற ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தம் எல்லார் முகத்திலும் வந்து நின்றது. ஆதிமூலம் முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றதால் அது இன்னும் தெளிவாகப் போய்விட்டது.

"தட்ட என் கால்ல வீசறாருடா என் மச்சான்" என்றார் உலகநாதன். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அன்று வீடு திரும்பியதும் சிந்தாமணி முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள். "கண்ணாடி கோணன்னு நாலு பேர் எதிர்ல சொல்லிட்டு வர்றதுக்கு இன்னா?"

"ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னா எவன்டி நாளைக்கு எங்கிட்ட மாட்டக் கொண்டாருவான்? ஆணி ஒரு நூலு தவறுனா மாடு நொண்டி. கழட்டிட்டுத்தான் அடிக்கறேன்னு நின்னு கேப்பானா?"

அது நியாயமான பயம்தான். கண் சரியில்லை என்ற பேச்சு ஒரு சந்தைக்குள் ஊரைச் சுற்றிவிடும். கண்ணாடியை இப்போது திடீரென்று கழற்றினாலும் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே திமிர் பிடித்தவன் என்ற பெயரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தங்கை வீட்டுத் திசையில் போகும் பஸ்ஸை மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். அப்போது அது வெறும் தூசியாகத் தெரியும்.

பங்குனியில் செய்தி வந்தது. அம்சவள்ளியின் பெண் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஆனால் அழைப்பு வரவில்லை. அம்சவள்ளிக்குப் பெரியப்பா மகன் சம்மந்தம் என்று ஒருவர் இருக்கிறார், அவரும் மாமன் முறைதான், அவர் மடி போதும் என்று உலகநாதன் சொன்னதாகக் கேள்வி. குழந்தை பிறந்த அன்றே ஆதிமூலம் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த பச்சைப் பாவாடை ஒன்று உண்டு. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜரிகை இழை ஒவ்வொன்றும் நன்றாகத் தெரிந்தது.

அந்த வாரத்துச் சந்தையில், மூட்டை ஏற்றிய வண்டியோடு உலகநாதன் வந்தார். வலத்து மாட்டின் முன்னங்கால் லாடம் வழியில் கழன்று விழுந்திருந்தது. நொண்டுகிற மாட்டோடு வில்லியனூர் போய் வேறு ஆளைத் தேட முடியாது. அவர் ஆதிமூலத்தின் புளியமரத்தடியில் வந்து நின்று, மாட்டின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"லாடம் வுழுந்துடுச்சி. பாரம் அப்படியே கெடக்குது. அடிச்சாத்தான் ஊரு போய்ச் சேரலாம்."

ஆதிமூலமும் மாட்டிடமே பதில் சொன்னார். "படுக்கப் போடச் சொல்லு."

மாடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் வேறு எங்கோ பார்ப்பது போல் நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள்.

கயிறு போட்டுச் சாய்த்தார்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள உலகநாதன் மண்டியிட்டார். ஆதிமூலம் பழக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கொம்பில் மாட்டிவிட்டுக் குளம்புக்குக் குனிந்தார். மாடு சீறித் தலையை உதறியது. நழுவிய கண்ணாடியை உலகநாதன் எட்டிப் பிடித்துவிட்டார். எதிரி வீட்டுச் சாமானானாலும் உடைய விடக் கூடாது என்பது அவர் குணம். கையில் வைத்தால் மாட்டைப் பிடிக்க முடியாது, தரையில் வைத்தால் மிதிபடும். மூக்குதான் காலியாக இருந்தது. மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்டு கொம்பைப் பிடிக்கப் போனார். கையில் காற்றுதான் அகப்பட்டது. மறுபடி பிடித்தார், மறுபடியும் காற்று. தடவித் தடவிக் கொம்பைக் கண்டுபிடித்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மற்றக் கையை எதிரில் நீட்டிப் பார்த்தார். உள்ளங்கை ஒன்று மேலே, அதே உள்ளங்கை கீழே. வெகு நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்."

வாயில் ஆணிகள் இருந்ததால் ஆதிமூலம், "ம்" என்றார்.

"ரெண்டு ரெண்டா தெரியுதே மச்சான்."

ஓங்கிய சுத்தியல் நின்றது. ஆதிமூலம் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். வண்டிக்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மெதுவா பேசுங்க மாப்ளே. பொழப்பு போயிடும்."

"இத்தப் போட்டுக்கினா அன்னிக்குத் தட்டு குடுத்தீங்க?"

"மேல இருந்த கையில வச்சேன் மாப்ளே. நீங்க ஒசந்த மனுசன், உங்க கை மேலதான இருக்கும்னு வச்சேன்."

உலகநாதன் நீட்டியிருந்த கையை இறக்கினார்.

"கீழ இருந்ததுதான் என் கை" என்றார்.

மீதி ஆணிகளை ஆதிமூலம் அடித்து முடித்தார். வழக்கத்தைவிட நிதானமாக அடித்தார். கட்டை அவிழ்த்ததும் மாடு எழுந்து காலை ஊன்றிப் பார்த்து, திருப்திப்பட்டு, அசை போட ஆரம்பித்தது. உலகநாதன் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் எல்லார் எதிரிலும் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கலாம். மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்தார். முகவாய் தானாகவே தூக்கிக்கொண்டது. வண்டிக்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம கொழந்தைக்குக் காது குத்தறோம் மச்சான். மாமன் மடி வோணும். குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கை நீட்டினார். ஆதிமூலம் இரண்டு கையையும் ஏந்தினார். உலகநாதன், கீழே தெரிவதுதான் நிஜக் கை என்று, மிகுந்த மரியாதையோடு அதை அந்தக் கைகளுக்கு ஒரு சாண் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

வெற்றிலை சாணிப் புழுதியில் விழுந்தது. பாக்கு உருண்டு மாட்டின் காலடியில் நின்றது. வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை காலடியில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆதிமூலம் குனிந்தார். கண்ணாடி இல்லாததால் எல்லாம் ஒன்றொன்றாக, தெளிவாகத் தெரிந்தன. வெற்றிலையை எடுத்து வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்தார். குளம்புக்குப் பக்கத்தில் கிடந்த பாக்கை எடுத்து ஊதினார். வெற்றிலைக்குள் வைத்து மடித்து, வாயில் போட்டு, மெல்ல ஆரம்பித்தார்.